ரத்த அழுத்தம் 180-ஐத் தாண்டும்போது செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

ரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியில் 190/120 என்று எண் வருகிறது. ஒருவருக்கு அந்த எண்ணுடன் தாங்க முடியாத தலைவலியும் வாந்தியும் பேச்சுக் குழறலும் சேர்ந்து வந்திருக்கின்றன. இன்னொருவர் முழங்கால் வலிக்காக மருத்துவரிடம் போனவர். அங்கே அளந்து சொன்ன பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிகிறது, உடம்பில் வேறு எந்தத் தொல்லையும் இல்லை. எண் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் முதலாமவருக்கு ஒவ்வொரு நிமிடமும் உயிருக்குரியது. இரண்டாமவருக்கோ அழுத்தத்தை அவசரப்பட்டு இறக்குவதுதான் கெடுதல். இந்த வேறுபாடு நம் வீடுகளில் தெளிவாகத் தெரியாததால், உடனே ஓட வேண்டியவர்கள் ‘படுத்துத் தூங்கினால் சரியாகிவிடும்’ என்று காத்திருக்கிறார்கள். நிதானமாக இருக்க வேண்டியவர்கள் யாரோ சொன்ன மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு மயங்கி விழுகிறார்கள். இரண்டுமே தவிர்க்கக்கூடியவை என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

மேல் அளவு 180-ஐயோ கீழ் அளவு 120-ஐயோ தாண்டினால் அதை மிகக் கடுமையான உயர் ரத்த அழுத்தம் என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். அந்த அழுத்தத்தால் மூளை, இதயம், சிறுநீரகம், கண்ணின் விழித்திரை, பெருநாடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அப்போதே பழுதாகத் தொடங்கியிருந்தால் மட்டுமே அது அவசர நிலை. ஆகவே எண்ணைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எவ்வளவு இருக்கிறது?’ என்பதன்று, ‘உடம்பில் என்ன நடக்கிறது?’ என்பதே.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

முகம் ஒரு பக்கமாகக் கோணுவது, ஒரு பக்கத்துக் கையோ காலோ மட்டும் வலுவிழப்பது, பேச்சு குழறுவது, நாம் சொல்வது புரியாமல் விழிப்பது ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். நெஞ்சை இறுக்கிப் பிடிப்பது போன்ற வலி தோளுக்கும் தாடைக்கும் பரவி வியர்த்துக் கொட்டினால் மாரடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடிகிறது என்றால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். நெஞ்சிலோ முதுகிலோ திடீரென்று கிழிப்பது போல வலி வந்தால் பெருநாடியின் உட்சுவர் கிழிந்திருக்கக்கூடும். இது அரிதானது, ஆனால் தாமதித்தால் உயிரைப் பறிப்பது. இதுவரை அறியாத கடுமையான தலைவலியுடன் வாந்தி, மனக்குழப்பம், வலிப்பு ஆகியவை வருவதும், பார்வை திடீரென்று மங்குவதும், சிறுநீர் வெகுவாகக் குறைந்துபோவதும் இதே வரிசையில் சேர்பவை.

லேசான தலைவலி, பின்கழுத்தில் இறுக்கம், கிறுகிறுப்பு ஆகியவற்றைத்தான் நம் ஊரில் ‘பிரஷர் ஏறிவிட்டது’ என்பதற்கு அடையாளமாகச் சொல்கிறோம். உண்மையில் உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. தலைவலியும் பதற்றமும் வந்ததால் அழுத்தம் ஏறியிருப்பதும் உண்டு. ஆகவே இந்தச் சில்லறைத் தொல்லைகளை மட்டும் வைத்து அவசர நிலை என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. தொல்லை இல்லை என்பதால் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று எண்ணவும் கூடாது.

மேலே சொன்ன பெரிய அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இலங்கையில் இருப்பவர்கள் 1990-ஐ அழைக்கலாம். வாகனம் வரும்வரை நோயாளியைத் தனியாக விடக் கூடாது. மூச்சுத் திணறுபவரைச் சாய்த்து உட்காரவைக்க வேண்டும். நினைவு தப்பியவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். தண்ணீர், காபி, எலுமிச்சைச் சாறு என்று எதையும் வாயில் ஊற்றக் கூடாது. பக்கவாதத்தில் விழுங்கும் திறன் போயிருந்தால் அது நேராக மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். வாய் கோணியவருக்கு ஆஸ்பிரின் கொடுப்பதும் தவறு, ஏனென்றால் மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்பது ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரியும். வெடித்திருந்தால் ஆஸ்பிரின் கசிவை அதிகமாக்கும்.

மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியவை இரண்டு. ஒன்று, நோயாளி சாப்பிட்டுவரும் எல்லா மாத்திரைகளும், பழைய மருத்துவச் சீட்டும். மற்றொன்று, அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்ற தகவல். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால், வாசலில் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். ‘முதலில் பக்கத்துத் தெருவில் ஊசி போட்டு பிரஷரைக் குறைத்துக்கொண்டு போகலாம்’ என்று சிறிய கிளினிக்கில் இறங்குவது அந்த நாலரை மணி நேரத்தைத் தின்றுவிடும். சி.டி. ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போவதே சரி.

எந்தத் தொல்லையும் இல்லாமல் எண் மட்டும் உயர்ந்திருந்தால்

முதலில் அந்த எண் உண்மைதானா என்று பார்க்க வேண்டும். வீட்டில் அளக்கும்போது நடப்பதைக் கூர்ந்து கவனித்தால் தவறு எங்கே என்று புரியும். மாடிப்படி ஏறி வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டே சோபாவின் விளிம்பில் உட்கார்கிறார். முழுக்கைச் சட்டையின் மேலேயே பட்டையைச் சுற்றுகிறார்கள். கை தொடைமேல் தொங்குகிறது. கருவி காற்றடித்துக்கொண்டிருக்கும்போதே ‘நேற்று எவ்வளவு இருந்தது?’ என்று மகள் கேட்கிறாள், அவரும் பதில் சொல்கிறார். இத்தனையும் சேர்ந்தால் உண்மையான அளவைவிடக் கணிசமாக அதிகமாகக் காட்டும்.

சரியாக அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, புகை, நடைப்பயிற்சி எதுவும் இருக்கக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்திருக்க, இரண்டு பாதங்களும் தரையில் பதிந்திருக்க, கால்மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கையை மேசைமேல் வைத்து, பட்டை நெஞ்சுக்கு நேராக வரும்படி, துணியில்லாத மேற்கையில் சுற்ற வேண்டும். முழங்கை மடிப்புக்கும் பட்டையின் கீழ் விளிம்புக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். பருமனான கைக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் எண் பொய்யாக ஏறும். அவர்களுக்குப் பெரிய பட்டையைத் தனியே வாங்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளி விட்டு இரண்டு முறை அளந்து, இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். முதல்முறை அளக்கும்போது இரண்டு கைகளிலும் பார்த்துவிட்டு, அதிகம் காட்டும் கையையே பிறகு எப்போதும் பயன்படுத்த வேண்டும். மணிக்கட்டில் கட்டும் கருவியைவிட மேற்கையில் கட்டுவதே நம்பத்தக்கது.

இப்படி அளந்தும் 180/120-க்கு மேல் இருந்தால், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, அமைதியான அறையில் அரை மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி அளக்கலாம். இந்த ஓய்வு ஒன்றிலேயே பலருக்கு அளவு நன்றாக இறங்கிவிடும். வலியோ, சிறுநீர் அடைப்போ, கடும் பதற்றமோ இருந்தால் அதைக் கவனித்தாலே அழுத்தமும் குறையும். அன்றைய மாத்திரையை மறந்திருந்தால் வழக்கமான அளவில் அதைப் போட்டுக்கொள்ளலாம். விட்டுப்போனதற்கும் சேர்த்து இரண்டு மடங்காகப் போடக் கூடாது. அதன் பிறகும் இறங்கவில்லை என்றால் அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். அவர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார் அல்லது இன்னொன்றைச் சேர்ப்பார். அழுத்தம் சில நாட்களில், சில வாரங்களில் படிப்படியாக இறங்கும். இடையில் பெரிய அறிகுறி ஏதேனும் தலைகாட்டினால் மட்டும் காத்திருக்காமல் கிளம்பிவிட வேண்டும்.

இங்கேதான் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிஃபெடிபின் என்ற மருந்தின் கேப்சூலை ஊசியால் குத்தி, உள்ளிருக்கும் திரவத்தை நாக்குக்கு அடியில் விடுவது ஒரு காலத்தில் எல்லா இடத்திலும் இருந்த வழக்கம். கண்ணெதிரே எண் இறங்குவதால் நோயாளிக்கும் மருத்துவருக்கும் நிறைவாக இருந்தது. ஆனால் அந்த மருந்து நாக்கின் அடியில் உறிஞ்சப்படுவதே இல்லை என்று சொல்லலாம்; விழுங்கிய பிறகுதான் வேலை செய்கிறது, அதுவும் எவ்வளவு இறங்கும் என்று யாரும் கணிக்க முடியாத வேகத்தில். அதனால் பக்கவாதமும் மாரடைப்பும் மரணமும் நேர்ந்ததை எடுத்துக்காட்டி, 1990-களின் நடுவிலேயே மருத்துவ இதழ்கள் அந்த முறையைக் கைவிடச் சொல்லிவிட்டன. கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் ‘சட்டென்று குறைக்க ஏதாவது கொடுங்கள்’ என்று மருந்துக் கடையில் கேட்கும் பழக்கம் நம்மிடம் போகவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதே ஒரு தற்காப்பு.

சட்டென்று குறைப்பது ஏன் ஆபத்து என்பதற்குக் காரணம் மூளையின் ரத்தக்குழாய்களில் இருக்கிறது. அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும், ஒரு வரம்புக்குள் அவை சுருங்கியும் விரிந்தும் மூளைக்குப் போகும் ரத்தத்தைச் சீராக வைத்திருக்கின்றன. பல வருடங்கள் உயர் அழுத்தத்திலேயே வாழ்ந்தவருக்கு அந்த வரம்பு முழுவதுமே மேலே நகர்ந்துவிடுகிறது. அவருடைய மூளை 180-க்குப் பழகியிருக்கும்போது ஒரே மணி நேரத்தில் 120-க்குக் கொண்டுவந்தால், நமக்கு ‘நார்மல்’ என்று தெரியும் அந்த அளவு அவருடைய மூளைக்குப் போதாத அளவாகிவிடுகிறது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இதே நிலைதான்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்

குடும்பத்தினர் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது, ஏனென்றால் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அதிகமாகக் கேட்கும் குறை, ‘இன்னும் 170 இருக்கிறதே, ஏன் குறைக்க மாட்டேன் என்கிறார்கள்?’ என்பதுதான். உறுப்புப் பாதிப்பு உறுதியானவருக்கு லபெட்டலால், நைட்ரோகிளிசரின், நிகார்டிபின் போன்ற மருந்துகளை ரத்தக்குழாய் வழியே, கருவியால் அளந்து ஏற்றுவார்கள். பொதுவான விதி இது: முதல் ஒரு மணி நேரத்தில் சராசரி அழுத்தத்தைக் கால் பங்குக்கு மேல் குறைப்பதில்லை, அடுத்த இரண்டு முதல் ஆறு மணி நேரத்தில் 160/100 அளவுக்கு வருவார்கள், அதன் பிறகு ஒன்றிரண்டு நாட்களில்தான் இயல்பான அளவை நோக்கிப் போவார்கள். 170-இல் நிற்பது பெரும்பாலும் திட்டமிட்டு நிறுத்திய இடமே தவிர, கவனக் குறைவன்று.

விதிவிலக்குகளும் உண்டு. பெருநாடி கிழிந்தவருக்கு மேல் அளவை 120-க்குக் கீழே மிக விரைவாகக் கொண்டுவருவார்கள். நாடித் துடிப்பையும் சேர்த்துக் குறைப்பார்கள். அடைப்பால் வந்த பக்கவாதத்தில் நேர்மாறாக நடக்கும்: கட்டியைக் கரைக்கும் ஊசி போடாதவருக்கு, அழுத்தம் 220/120-ஐத் தாண்டாதவரை பெரும்பாலும் தொடவே மாட்டார்கள், ஏனென்றால் அடைப்பைச் சுற்றித் தத்தளிக்கும் மூளைப் பகுதிக்கு அந்த உயர்ந்த அழுத்தம்தான் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஊசி போடுவதாக இருந்தால் 185/110-க்குக் கீழே இறக்கிவிட்டுத்தான் போடுவார்கள். மூளைக்குள் கசிவு ஏற்பட்டவருக்குப் பெரும்பாலும் 140-ஐ ஒட்டிய அளவைக் குறிவைப்பார்கள். ஒரே எண்ணுக்கு இத்தனை வேறுபட்ட சிகிச்சைகள் இருக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலித்த மாத்திரை நமக்கும் பலிக்கும் என்று நம்புவதற்கு இடமில்லை.

நெருக்கடி எங்கிருந்து வருகிறது

அமெரிக்க அதிபர் ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஹவர்ட் புரூயென் சோதித்தபோது ரத்த அழுத்தம் 186/108 இருந்தது. உப்பைக் குறைப்பது, ஓய்வு, தூக்க மருந்து, இதயத்துக்கான டிஜிட்டாலிஸ் ஆகியவற்றுக்கு மேல் அந்த மருத்துவரிடம் அதிகம் எதுவும் இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று, அழுத்தம் 300-ஐத் தொட்ட நிலையில், மூளை ரத்தக்கசிவால் ரூஸ்வெல்ட் இறந்தார். உலகின் மிக வலிமையான நாட்டின் தலைவருக்கு அன்று கிடைக்காத மருந்து இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இருந்தும் நெருக்கடி நிலையில் வருபவர்களிடம் விசாரித்தால் மிக அடிக்கடி கிடைக்கும் பதில், ‘மாத்திரையை நிறுத்திவிட்டேன்’ என்பதே. தடுப்பைப் பற்றிப் பேசும்போது உப்புக்கும் நடைப்பயிற்சிக்கும் முன்னால் இதைத்தான் பேச வேண்டும்.

நிறுத்துவதற்கான காரணங்கள் எல்லாமே நியாயமாகத் தோன்றுபவை. ‘அளவு நார்மலுக்கு வந்துவிட்டது’ என்பது முதலாவது; மாத்திரை போடுவதால்தான் வந்திருக்கிறது என்பதை மருத்துவர்களே பல நேரங்களில் எடுத்துச் சொல்வதில்லை. ‘இந்த மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும்’ என்பது இரண்டாவது. உண்மையில் சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத அழுத்தம்தான். பக்க விளைவுகளுக்குப் பயந்து நிறுத்துபவர்களும் உண்டு. அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் கொடுக்கும். எனலாப்ரில் சிலருக்கு விடாத வறட்டு இருமல் கொடுக்கும். இரண்டுக்கும் மாற்று மருந்துகள் இருக்கின்றன. மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் மாற்றிக் கொடுப்பார். அட்டனலால் போன்ற மருந்துகளையும், சிறுநீரக நோயாளிகளுக்கு அடிக்கடி எழுதப்படும் குளோனிடினையும் திடீரென்று நிறுத்துவது மிகவும் ஆபத்தானது; அழுத்தம் பழைய அளவையும் தாண்டி எகிறும்.

விரத நாளில் விடுவது, வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்குப் போகும் காலையில் விடுவது, கல்யாண வீட்டுக்கு நான்கு நாள் போகும்போது பெட்டியில் எடுத்துவைக்க மறப்பது ஆகியவையும் இதில் சேரும். பரிசோதனைக்கு முன்னால் ரத்த அழுத்த மாத்திரையை ஒரு மிடறு தண்ணீருடன் போடுவதற்குப் பெரும்பாலும் தடையில்லை. முந்தின நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்று சிறியதாகத் தோன்றும். கடையில் நான்கு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கிறார்கள். மருந்தின் பெயரும் காலாவதி நாளும் அச்சிட்ட பகுதி கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது. அவசரத்தில் அந்த வெள்ளித் துண்டைப் பார்த்து அது என்ன மருந்து என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. முழு அட்டையாக வாங்குவதும், பெயரும் மில்லிகிராமும் தெரியும்படி அட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பதும் உண்மையாகவே உதவும்.

பணமோ அலைச்சலோ தடையாக இருந்தால், தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்துகொள்ளலாம். அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. விலைக்கு வாங்குபவர்களுக்கு மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும், 2025-இல் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களும் இருக்கின்றன.

மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் அழுத்தம் ஏறுகிறது என்றால், வேறு என்ன உள்ளே போகிறது என்று பார்க்க வேண்டும். மூட்டு வலிக்காகக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, ரத்த அழுத்த மருந்தின் வேலையையும் குறைக்கின்றன. தொடர்ந்து சாப்பிட்டால் சிறுநீரகத்தையும் பாதிக்கின்றன. மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரின் கலந்த சளி மாத்திரை, ஸ்டீராய்டு, சில கருத்தடை மாத்திரைகள் ஆகியவையும் அழுத்தத்தை ஏற்றுபவை. தண்ணீரில் போட்டால் பொங்கும் மாத்திரைகளிலும் அஜீரணத் தூள்களிலும் சோடியம் நிறைய இருக்கிறது. தொண்டைக்கு நல்லது என்று நாம் சாதாரணமாக வாயில் போட்டுக்கொள்ளும் அதிமதுரமும் இந்தப் பட்டியலில் உண்டு: அதிலுள்ள கிளைசிரைசின் உடலில் சோடியத்தைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. ஓரிரு நாள் சுவைப்பதைப் பற்றிச் சொல்லவில்லை. கஷாயமாகவோ பொடியாகவோ தினமும் சாப்பிடும் ரத்த அழுத்தக்காரர்கள் நிறுத்த வேண்டும். பூண்டும் முருங்கைக்கீரையும் உணவில் இருக்கட்டும், நல்லதே. மாத்திரைக்குப் பதிலாக அவற்றை வைக்க முடியாது.

உப்பு

உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பைப் பரிந்துரைக்கிறது. சமைக்கும்போது யாரும் கிராம் கணக்குப் பார்ப்பதில்லை. அதைவிட எளிய வழி மாதக் கணக்கு. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு 20 கிராம், மாதத்துக்கு 600 கிராம். ஒரு கிலோ உப்புப் பொட்டலம் அந்த வீட்டில் ஒன்றரை மாதத்துக்கும் மேல் வர வேண்டும். ஒரே மாதத்தில் தீர்ந்தால் ஆளுக்கு எட்டு கிராமுக்கு மேல் போகிறது என்று பொருள். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, மிக்சர், பிஸ்கட் ஆகியவற்றில் வரும் உப்பு இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

சோறு வடிக்கும்போதும் சப்பாத்தி மாவிலும் உப்புப் போடுவதை நிறுத்துவது முதல் படி. குழம்பில் உப்பு இருக்கும்போது அவற்றில் வேண்டியதில்லை. மோரிலும் தயிர்சாதத்திலும் மேலாகத் தூவும் உப்பு இரண்டாவது. எலுமிச்சை, புளி, மிளகு, சீரகம் ஆகியவற்றைச் சற்றுக் கூட்டினால் உப்புக் குறைவு நாக்குக்கு உறைக்காது. சில வாரங்களில் நாக்கும் பழகிவிடும். இந்துப்பு ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று பலர் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதுவும் ஏறக்குறைய முழுக்கச் சோடியம் குளோரைடுதான். கூடவே, அயோடின் சேர்க்காத உப்பாகவும் பெரும்பாலும் இருக்கிறது. சோடியத்தில் ஒரு பங்கைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு உண்மையாகவே பயன் தரும். சீனக் கிராமங்களில் நடந்து 2021-இல் வெளியான பெரிய ஆய்வில் அது பக்கவாதத்தைக் குறைத்தது. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களும், டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

மற்றவை பலரும் அறிந்தவை: வாரத்துக்கு 150 நிமிட வேகநடை, கூடுதல் எடையைக் குறைப்பது, மதுவையும் புகையிலையையும் விடுவது. அதிகம் பேசப்படாதது குறட்டை. இரவில் பலத்த குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் இருப்பவர்கள் சொன்னால், மூன்று மாத்திரைகளுக்கும் மசியாத அழுத்தத்துக்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

கர்ப்பிணிகளுக்கு வேறு கணக்கு

கர்ப்ப காலத்தில் 180 வரை காத்திருக்கக் கூடாது. 140/90 என்றாலே உயர் அழுத்தம். 160/110 நிலைத்து நின்றால் அவசர நிலை, ஒரு மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கியாக வேண்டும். தலைவலி, கண்ணில் மின்னல் போலத் தெறிப்பது, வலது மேல் வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது ஆகியவை வலிப்புக்கு முன்னறிவிப்புகள். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி போடுவார்கள். லபெட்டலால், மீதைல்டோபா, மருத்துவர் பார்வையில் வாய்வழியாகத் தரும் நிஃபெடிபின் ஆகியவை கர்ப்பத்தில் பயன்படுபவை. எனலாப்ரில், டெல்மிசார்டன் வகை மருந்துகள் குழந்தையைப் பாதிக்கும் என்பதால், அவற்றைச் சாப்பிடும் பெண்கள் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். பிரசவத்தோடு ஆபத்து முடிந்துவிடுவதில்லை. அதற்குப் பின் ஆறு வாரம் வரை இந்த நெருக்கடி வரலாம். பச்சை உடம்புக்காரிக்குத் தலைவலி என்றால், தூக்கம் கெட்டதால் வந்தது என்று முடிவுகட்டுவதற்கு முன் அழுத்தத்தை அளக்க வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு

நெருக்கடியிலிருந்து மீண்டவர் ஒரு வாரத்துக்குள் மறுபடி மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதுவரை காலையில் மாத்திரைக்கு முன்பும், இரவில் படுக்கும் முன்பும் அளந்து, நாளும் நேரமும் போட்டு ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். மருத்துவருக்கு அந்தப் பக்கம்தான் பேசும். வீட்டில் எடுக்கும் சராசரி 135/85-க்கு மேல் இருந்தால் இன்னும் கட்டுக்குள் வரவில்லை. டெல்மிசார்டனோ எனலாப்ரிலோ புதிதாகத் தொடங்கியிருந்தால் ஒன்றிரண்டு வாரங்களில் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்க்க வேண்டும். சிறுநீரில் புரதம், ஈ.சி.ஜி., விழித்திரைப் பரிசோதனை ஆகியவற்றையும் அந்த நாட்களில் முடித்துவிடுவது நல்லது.

முப்பது வயதைத் தாண்டாதவருக்கு இவ்வளவு அழுத்தம் வந்தால் ‘டென்ஷன்’ என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீரக நோய், சிறுநீரகத் தமனிச் சுருக்கம், அட்ரீனல் சுரப்பிக் கட்டி ஆகியவற்றைத் தேட வேண்டும். இளம் பெண்களுக்குப் பெருநாடியையும் அதன் கிளைகளையும் அழற்சியால் சுருக்கும் தாகயாசு நோயையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கைக்குக் கை அழுத்தம் வெகுவாக மாறுபடுவதும், ஒரு கையில் நாடி மெலிந்திருப்பதும் அதற்குத் தடயங்கள். இவற்றில் சிலவற்றை அறுவை சிகிச்சையாலோ குழாயை விரிப்பதாலோ சரிசெய்துவிடலாம், அதற்குப் பிறகு மாத்திரைகள் குறையும், சிலருக்கு நின்றும் போகும். நோயாளியின் உடன்பிறந்தவர்களும், 18 வயது நிறைந்த பிள்ளைகளும், எந்தத் தொல்லையும் இல்லாவிட்டாலும், அந்த வாரத்திலேயே ஒருமுறை அளந்துகொள்ள வேண்டும்.